கப்பலில் வந்த மோட்டார்

எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களிடம் அப்பா கேட்ட முதல் கேள்வி, பையனுக்கு மேலே வேலையா, கீழே வேலையா என்பதுதான். என் அண்ணன் சுரங்கத்துக்குள் பாறை சரிந்து செத்தவன். அவன் உடம்பை ஷாஃப்ட் குழி வழியாக மேலே கொண்டுவந்தபோது அம்மாவைப் பார்க்க விடவில்லை. அதற்குப் பிறகு கீழே இறங்குகிற எவனுக்கும் பெண் கிடையாது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அப்படித்தான் குதிரை வண்டிக்காரர் எனக்குக் கிடைத்தார்.

நாங்கள் தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தட்டி வீட்டில் இருந்தோம். மேலே தகரம், சுற்றிலும் மூங்கில் தட்டி, அதன்மேல் மண் பூச்சு. ரயில் வருவதற்கு முன்னால் பௌரிங்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர். இப்போது அந்த ஊரைப் பங்காரப்பேட்டை என்கிறார்கள். ரயில் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அவர் கலங்கவில்லை. கோலாருக்கு அப்போது ரயில் கிடையாது. கோர்ட்டும் தாலுகா கச்சேரியும் பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருந்தன. குதிரைகளைப் பௌரிங்பேட்டைக்குக் கொண்டுபோய் லாயம் போட்டு, ரயிலில் வந்து இறங்குகிறவர்களைக் கோலாருக்கு ஓட்டினார். காலை ரயிலில் போவார், சாயங்கால ரயிலில் வருவார். எங்களுக்கு இரண்டு பெண்கள். வயிற்றுக்குக் குறைவில்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தோமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கவலை இல்லாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சுரங்கத்துப் பெரிய துரை ஒருவர் மோட்டார் வாங்கினார். பௌரிங்பேட்டை ரோட்டில் அது எதிரே வந்தபோது என் வீட்டுக்காரரின் குதிரை மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இழுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. குதிரையைத் தடவிக் கொடுத்து மேலே ஏற்றிவிட்டு, அவர் அந்தப் புழுதி அடங்குகிறவரை அங்கேயே நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னார்.

“ஏம்மே, அது மூச்சு வாங்கறதே இல்ல. கோலாருக்குப் போயிட்டு உடனே திரும்பி வரும் போல கீது.”

“அதுக்கு கொள்ளும் புல்லும் வாணாமா?” என்று சின்னவள் கேட்டாள்.

“தண்ணியும் எண்ணெயும் போதுமாம்,” என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் பேச்செல்லாம் மோட்டார்தான். லைன் என்கிற சுரங்கத்துக் குடியிருப்புகளிலிருந்து ஆட்களை ஏற்றினால் ரயில் மாறி, வண்டி மாறி அலைய வேண்டாம், நேராகக் கோலார் கோர்ட் வாசலில் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். யோசனை தப்பில்லை. பிற்பாடு வேறொருவர் அதையே செய்து நன்றாகப் பிழைத்தார்.

பெங்களூரில் பட்டாளம் இருக்கிற தண்டுப் பகுதியில் மோட்டார் விற்கிற கடை ஒன்று இருந்தது. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தது. கடையில் எதையாவது எழுதிக் காட்டினால் உதவும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டார். நானும் இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டேன்.

கடை வாசலில் ஒரு குமாஸ்தா நின்றிருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“யாரு வூட்டு வண்டிக்காரன் நீ? துரை சீட்டு எதனா குடுத்தனுப்பினாரா?”

“யாரும் அனுப்பல. மோட்டார் வாங்க வந்தேன்,” என்றார்.

குமாஸ்தா உள்ளே திரும்பி யாரிடமோ கன்னடத்தில் ஏதோ சொன்னான். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்துச் சந்தைக் காட்டி, “அந்தாண்ட கல்லுமேல ஒக்காரு. மொதலாளி சாப்பிட்டு வருவாரு,” என்றான்.

நாங்கள் சந்தில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தோம். பக்கத்தில் எண்ணெய்க் கறை படிந்த கந்தல்கள் குவிந்திருந்தன. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு உள்ளே நாற்காலி போட்டதைச் சந்திலிருந்தே பார்க்க முடிந்தது. அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

முதலாளி வெகுநேரம் கழித்து வந்தார். தமிழர்தான். விஷயம் தெரிந்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது.

“உள்ள வாங்க, உள்ள வாங்க. நம்ம ஆளு தெரியாத பேசிட்டான். மனசுல வச்சிக்காதீங்க.”

உள்ளே பச்சை வண்ணத்தில் ஒரு மோட்டார் நின்றது. ஊருக்குத் திரும்பிப் போன பட்டாளத்து அதிகாரி ஒருவர் விட்டுப்போனது. முதலாளி அதன் மூடியைத் திறந்து காட்டினார்.

“இது பழசு. அத மறைக்கல. ஆனா நம்ம ரோடு பழகின வண்டி. ஒடஞ்சா சாமான் என்கிட்ட கீது, பாக்கறதுக்கு ஆளும் கீது. பௌரிங்பேட்டைன்னா ரயில் ஏத்தி அனுப்பினா போதும்.”

“புதுசு இல்லீங்களா?”

“புதுசுன்னா நானும் சீமையிலேர்ந்துதான் தருவிக்கணும். என் லாபத்த சேத்துத்தான் வெல சொல்லுவேன். உங்களுக்குக் கட்டுமான்னு பாத்துக்கங்க. என்னைக் கேட்டா, ரோட்டுல ஓட்டிப் பிழைக்கிறவங்களுக்குப் பழசே போதும்.”

நல்ல மனுஷன்தான். எனக்கு அவர் பேச்சு பிடித்தது. ரயிலில் திரும்பும்போது சொன்னேன்.

“அந்தப் பச்ச வண்டியே வாங்கிடலாங்க. ரிப்பேர் ஆனா பக்கத்துலயே பாத்துக்கலாமே.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மாலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“கல்லுமேல ஒக்கார வச்சான் பாத்தியா.”

“மொதலாளி மன்னிப்பு கேட்டாரே.”

“கேட்டாரு. ஆனா துரை வுட்டுட்டுப் போன வண்டிய நான் ஓட்டினா, துரையோட வண்டிக்காரன்னுதான் எவனும் சொல்லுவான். எனக்கு யாரும் ஒக்காராத வண்டி வோணும்.”

அவருடைய அப்பா வேலூர்ப் பக்கம் ஒரு ஊரில் பண்ணையாளாக இருந்தவர். மேல்சாதித் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர். அந்தக் கல் அவருக்கு எங்கே வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டு எப்படி எதிர்த்துப் பேசுவது?

அவர் வண்டியில் அடிக்கடி ஏறுகிற வெள்ளைக்காரக் கேப்டன் ஒருவர் இருந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை வேலை வாங்குகிறவர்களை நாங்கள் கேப்டன் என்போம். அவர் லீவில் சீமைக்குப் புறப்படுகிற நேரம். இவர் போய்க் கேட்டிருக்கிறார். கேப்டன் யோசித்துவிட்டு, அங்கே கம்பெனியிலேயே நேராக வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடுகிறேன், கடைக்காரன் லாபம் மிச்சம் என்றாராம். படம் போட்ட ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். அதில் ஒரு வண்டியைத் தொட்டுக் காட்டி இவர் வீட்டில் எல்லோருக்கும் சொன்னார். புது வண்டிக்கு ஆகிற செலவு, பெங்களூர்ப் பழைய வண்டிக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் கூட. கேப்டனை நான் இன்றைக்கும் குற்றம் சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்ட பணத்துக்கு நேர்மையாக வண்டி அனுப்பினார்.

மோட்டார் பணத்துக்காகக் குதிரைகளை விற்கிற அன்று நான் பௌரிங்பேட்டைக்குப் போகவில்லை. வாங்கினவன் முளபாகல் பக்கத்து ஆள். சாம்பல் குதிரை அவனோடு போக மாட்டேனென்று நின்றதாம். இவரே கொஞ்சதூரம் அதோடு நடந்து போய், பிறகு கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தார். லாயத்தையும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். மழைக்காலம் முழுவதும் காத்திருந்தோம். தினமும் கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போய் கூட்ஸ் குமாஸ்தாவிடம் கேட்பார். குமாஸ்தாவுக்கு முதலில் தமாஷாக இருந்தது, பிறகு எரிச்சலாயிற்று, கடைசியில் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுவான். அந்த மாதங்களில் நான் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போனேன். இரத்தமும் சீழும் பட்ட துணிகள். மோட்டார் வந்ததும் நின்றுவிடலாம் என்று அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மதராஸ் துறைமுகத்துக்குப் பெட்டிகள் வந்ததாகத் தகவல் கிடைத்தபோது சுங்கம் என்று ஒன்று கட்ட வேண்டும் என்றார்கள். அதைக் கேப்டனும் சொல்லவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. என் வளையல்கள் அதற்குப் போயின. பெரியவளுக்கென்று வைத்திருந்த வளையல்கள் அவை.

பெட்டிகள் கோரமண்டலில் இறங்கிய நாள் லைன் முழுக்க ஸ்டேஷனில் நின்றது. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் குளிக்காமல்கூட வந்து நின்றார்கள். எங்கள் வீட்டு முன்னால் பெட்டிகளை உடைத்து, சுரங்கத்துப் பட்டறையில் வேலை செய்கிற ஃபிட்டர் ஒருவர் தன் லீவு நாட்களில் வந்து வண்டியை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டினார். கூடவே வந்த புத்தகத்தை நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சத்தம் சரியாகத்தான் வரும். அர்த்தம் எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. படத்தைப் பார்த்து, விரலால் தடவித் தடவிப் பூட்டினார்கள். கோயில் உபதேசியார் வந்து வண்டிக்காக ஜெபம் செய்தார். பௌரிங்பேட்டை ஸ்டேஷனில் தந்தி அடிக்கிற பையன் ஒருவனின் வீட்டார், மோட்டார் வந்த சேதி கேட்டு, பெரியவளைப் பெண் கேட்டு வந்தார்கள்.

சில நாள் ஓட்டிப் பழகிய பிறகு, முதன்முதலாக எங்களை ஏற்றிக்கொண்டு பேத்தமங்களாவுக்குப் போனார். ஏரிக்கரைமேல் வண்டியை நிறுத்தினார். கழனியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் விளக்கைத் தொட்டுப் பார்த்து, “இன்னா சாமி, இது உங்களுதா?” என்று கேட்டார். இவர் “ஆமாம், என்னுதுதான்,” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த மாதிரி முகத்தை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. சின்னவள் ஏரித்தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கொண்டுபோன சோற்றைச் சாப்பிட்டோம்.

கோலார் ஓட்டம் ஆரம்பித்து சில வாரம் நன்றாக நடந்தது. ஏறுவதற்குச் சண்டை போட்டார்கள். ஆனால் அந்த வண்டி எங்கள் ரோட்டுக்குச் செய்ததில்லை. ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. கல் குத்தி ரப்பர் கிழிந்தது. பெட்ரோல் டின் மதராஸிலிருந்து வர ஒரு நாள் தாமதமானால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. அவர் வீட்டுக்கு வந்தாலும் சோறு இறங்காமல் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

எங்கள் லைனில் ஒரு விதவை இருந்தாள். அவள் புருஷன் சுரங்கத்தில் போனவன். பேத்தமங்களா அருகே அவனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை அவள் கொழுந்தன் தன்னுடையது என்று கோலார் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தான். விசாரணை நாள் வந்தது. முந்தின நாளே ரயில் ஏறி, வண்டி பிடித்துப் போய்விடலாம் என்று இருந்தவளிடம், “இன்னாத்துக்கு ராத்திரியெல்லாம் ஊர் தெரியாத எடத்துல கிடக்கணும்? காலையில வாங்க, கோர்ட்டு தொறக்கும்போதே எறக்கி வுட்டுடறேன்,” என்று இவர்தான் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். காசுகூடக் கேட்கவில்லை.

பௌரிங்பேட்டை தாண்டி ஏற்றத்தில் வண்டி கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. உள்ளே பல் சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது. மற்றவர்கள் இறங்கித் திட்டிவிட்டு நடந்தார்கள். அந்தம்மா ரோட்டோரத்தில் நின்று போகிற கட்டை வண்டிகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ஒருவன் ஏற்றிக்கொண்டான். மாட்டு வண்டியில் போய்ச் சேருவதற்குள் கூப்பிடுகிற நேரம் போய்விட்டது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“என் பேர மூணு தரம் கூப்டாங்களாம். நான் இல்ல. நெலம் அவனுக்குன்னு எழுதிட்டாங்க,” என்றாள். “வேலூர்ப் பக்கம் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். அவர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் பார்க்கவில்லை. அவள் போன பிறகும் அவர் வெளியே வரவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

வழியில் நின்ற அன்றே மோட்டாரை மாடு கட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்கும் லைன் முழுக்க வந்து நின்றது. ஃபிட்டர் ஒரு பல் சக்கரம் கடைந்து கொடுத்தார். இரும்பு சரியானதில்லை என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். சில நாள் ஓடியது. பிறகு அதுவும் உடைந்து, தன்னோடு இருந்த நல்ல சக்கரத்தின் பற்களையும் தின்றுவிட்டது.

கேப்டனுக்கு எழுதினோம். அவர் திரும்பி வரவில்லை, ஆப்பிரிக்காவில் வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டார் என்று வெள்ளைக்காரர்கள் இருந்த கேம்பில் சொன்னார்கள். கம்பெனிக்கே எழுதினோம். முன்பணம் அனுப்பினால் சாமான் வரும் என்று பதில் வந்தது. என் ஆஸ்பத்திரிக் கூலி போதவில்லை. பெட்டிகளின் பலகையைக்கூட விற்றுத்தான் அனுப்பினோம். அப்புறம் மறுபடியும் கப்பலுக்காகக் காத்திருந்தோம்.

வண்டி வீட்டு முன்னால் தார்ப்பாயின் கீழே நின்றது. கோழி அதனுள் முட்டையிட்டது. தந்திக்காரப் பையன் வீட்டிலிருந்து ஆள் வந்து, பையனுக்கு இந்த வருஷம் கல்யாண யோசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அதே வருஷம் அவனுக்கு ஜோலார்பேட்டையில் கல்யாணம் நடந்தது. பெரியவள் கிணற்றுக்குப் போகும்போது வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

அவருக்குச் சொல்லாமல் ஒரு நாள் நான் பெங்களூர் போனேன். கடை முதலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். நாற்காலி போடச் சொன்னார். உடைந்த பல் சக்கரத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் ஆளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“அம்மா, என்கிட்ட கீற சாமான் எதுவும் இதுக்குப் பொருந்தாது. அந்தக் கம்பெனி வண்டி இந்தப் பக்கமே வேற யாருகிட்டயும் இல்ல. இருந்தா செய்ய மாட்டேனா?”

“வேற வழி எதுவும் இல்லீங்களா?”

“வெளக்கு, சக்கரம், ரப்பர் இதுக்கெல்லாம் ஒரு வெல போட்டு எடுத்துக்கறேன். அதுதான் என்னால ஆவும். அவரக் கேட்டுச் சொல்லுங்க.”

நான் அவரைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்னை வீட்டை விட்டு அனுப்பியிருப்பார். சக்கரத்தைத் திரும்பச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினேன். யார்மீதாவது கோபப்படலாம் என்று வழியெல்லாம் தேடிப் பார்த்தேன். எங்களைக் கல்லின்மேல் உட்கார வைத்த குமாஸ்தா அன்றைக்குக் கடையில்கூட இல்லை.

கடைசியில் சீமையிலிருந்து பல் சக்கரங்கள் இரண்டும் வந்து சேர்ந்தன. கம்பெனி இதற்குள் அந்த வண்டியின் அமைப்பை மாற்றிவிட்டிருந்தது போல. ஒன்றின் நடுத் துளை பெரிதாக இருந்தது. ஃபிட்டர் உள்ளே ஒரு வளையம் செருகி எப்படியோ பொருத்தினார். என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. முகம் வழித்தார். தார்ப்பாயை உருவி எறிந்தார்.

மோட்டாரை முன்னால் ஒரு இரும்புப் பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சுற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னத் தண்டைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி உதைக்கும். அந்த அவசரத்தில் மறந்தாரோ, அத்தனை மாதம் நின்றதில் துருப்பிடித்துத் தண்டு நகரவில்லையோ, தெரியாது. பிடி திரும்பி வந்து அவர் மணிக்கட்டில் அடித்தது. சுள்ளி ஒடிகிற சத்தம் வீட்டுக்குள்ளே இருந்த எனக்குக் கேட்டது.

சுரங்கத்து ஆஸ்பத்திரி சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். நான் துணி வெளுக்கிறவள் என்பதால் அங்கே காயம் கட்டுகிற டிரெஸர் ஒருவர் இரக்கப்பட்டுக் கட்டுப் போட்டுவிட்டார். வீங்கிக் கறுத்துப் போயிற்று. கட்டை அவிழ்த்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. விரல்களை மடக்க வரவில்லை. அது வலது கை. வீட்டில் கிடந்த பழைய கடிவாளக் கயிற்றை அந்தக் கையில் வைத்துப் பார்த்தார், நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி விழுந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

இனி அந்தக் கையால் ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் நான் பெங்களூருக்குச் சொல்லியனுப்பினேன். கடை முதலாளியே வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, சொன்ன விலையைக் குறைக்காமல் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார். அவர் ஆட்கள் வண்டியைப் பிரிக்கும்போது இவர் வீட்டுக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அடுத்த வருஷம் பெங்களூர்க்காரர் ஒருவர், அந்தக் கடையில் வாங்கிய மோட்டாரைக் கோலார் ரோட்டில் விட்டார். உடைந்தால் பெங்களூரிலிருந்து மறுநாளே சாமான் வந்துவிடும். அவருக்கு ஸ்டேஷனில் நின்று ஆள் பிடித்துக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டார். யாரோ இவரைச் சொல்லி அனுப்பினார்கள். இவர் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். போனார். பௌரிங்பேட்டை ஸ்டேஷன் வாசலில் “கோலார், கோலார்” என்று கூவினார். அவர் வண்டியில் வருஷக்கணக்காக ஏறினவர்களெல்லாம் ரயிலிலிருந்து இறங்கினார்கள். சிலர் பேசினார்கள். சிலர் பேசாமல் அவர் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “எனக்கு ஆவல,” என்று மட்டும் சொன்னார். மறுநாள் போகவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை.

குடிப்பவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஒன்று கிடைத்திருக்கும். அவர் குடிக்கவில்லை. கோயிலுக்கும் வருவதில்லை. காலையில் எழுந்து முகம் கழுவுவார், உட்காருவார். சோறு போட்டால் இடது கையால் சாப்பிட மாட்டார். கோணல் கையால் அள்ளுவார், பாதி சிந்தும். ஊட்டிவிடட்டுமா என்று ஒரு தரம் கேட்டேன். தட்டைத் தள்ளிவிட்டார். பிறகு கேட்கவில்லை. ஜெபம் செய்தேன், நிறையச் செய்தேன். ஒரு கட்டத்தில் என்ன கேட்டு ஜெபிப்பது என்றே தெரியாமல் போயிற்று. முழங்காலில் நின்று சும்மா இருப்பேன்.

பெரியவள் ஒரு பங்களாவில் ஆயாவாகப் போனாள். அந்த வீட்டுத் துரைக்குப் பர்மாவில் ஒரு சுரங்கத்துக்கு மாற்றலாயிற்று. குழந்தைகள் இவளை விட மாட்டேனென்றன. துரைசாணியும் கேட்டாள். நான் வேண்டாமென்றேன்.

“இங்க இருந்து இன்னாம்மா பண்றது? தங்கச்சிக்காவது எதனா சேத்து அனுப்பறேன்,” என்றாள்.

அவள் தன் அப்பாவிடம் போய்ச் சொன்னாள். “நைனா, நான் போவட்டுமா?”

அவர் அவளைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவந்தாள்.

கோரமண்டல் ஸ்டேஷனுக்கு அவரும் வந்தார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தகரப்பெட்டியைத் தூக்கப் போனார். அந்தக் கையால் முடியவில்லை. போர்ட்டர் தூக்கி வைத்தான். ரயில் புறப்பட்டபோது அவள் அழவில்லை, நாங்களும் அழவில்லை. கொஞ்ச காலம் காசும் கடிதமும் வந்தன. காசைச் சின்னவளின் கல்யாணத்துக்கென்று சேர்த்தேன். கல்யாணமும் அதில்தான் நடந்தது. பிறகு காசு நின்றது. கடிதமும் நின்றது. துரை இருந்த சுரங்கத்துக்கு உபதேசியாரைக் கொண்டு எழுதினேன். அந்தக் குடும்பம் அங்கிருந்து போய்விட்டது, எங்கே என்று தெரியாது என்று வந்தது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் அதற்குப் பிறகு சில வருஷம் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மருந்து குடிக்கச் சொன்னேன், குடித்தார். கஞ்சி கொடுத்தேன், குடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம், நான் ஆஸ்பத்திரித் துணியை உலர்த்திவிட்டு வந்து பார்த்தபோது மூச்சு இல்லை. சின்னவளுக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்து சேருவதற்குள், மழை விடாததால், அடக்கம் செய்துவிட்டோம்.

நான் இன்னும் ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.